எழுத்து மேலே இருந்தால் சரி

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு மேலாளர் அறையில் நடந்த விசாரணையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசைக்குப் பின்னால், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, மேலாளர். அவருக்கு வலப்பக்கம், முழங்கை மேசையில் படுகிற தூரத்தில், தரப்பிரிவு அதிகாரி. இடப்பக்கம் விற்பனைப் பிரிவுக்காரர். புகாரைக் கொண்டுவந்ததோடு தன் வேலை முடிந்தது என்பதுபோல நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் போட்டிருந்தார். மேசைக்கு முன்னால், கைப்பிடி இல்லாத நாற்காலியில், என் சிநேகிதி. கதவோரம் சின்ன மேசையில், ஒரு நோட்டும் இரண்டு பேனாவுமாக நான். நடப்பதை எழுத.

மேசை நடுவில் பிரித்த பிஸ்கட் பாக்கெட் ஒன்று. சிநேகிதியின் தலையில் ருசி அறையில் போடுகிற வெள்ளைத் தொப்பி. அலுவலக அறைக்குள் தொப்பி தேவையில்லை. ஆனாலும் யாரும் கழற்றச் சொல்லவில்லை.

நாங்கள் வேலை பார்ப்பது பிஸ்கட் தொழிற்சாலையில். அடுப்பிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு பேட்சிலிருந்தும் மூன்று பிஸ்கட் ருசி அறைக்கு வரும். அவள் கடித்து, மென்று, காகிதக் குவளையில் துப்பிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரால் வாய் கொப்பளித்துச் சொல்வாள். "தேர்வு" என்றால் அந்தப் பேட்ச் பாக்கெட்டுக்குள் போகும். "நிறுத்து" என்றால் போகாது. அவள் சொல்வதை நான் பதிவேட்டில் எழுதுவேன். பதினோரு வருஷம் இப்படித்தான். அடுப்படி ஆட்கள் அவளை நாக்கக்கா என்பார்கள். என்னை ரிஜிஸ்டர் என்பார்கள், அக்கா கூடச் சேர்க்காமல்.

எனக்கு இன்னொரு வேலையும் உண்டு, அது யாரும் கொடுத்ததல்ல. லீவு வேண்டும், ஷிப்ட் மாற வேண்டும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் வேண்டும் என்று யார் வந்தாலும் கடிதம் எழுதிக் கொடுப்பேன். நான் படித்தது ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடம். அங்கே கடிதத்துக்குப் பத்து மதிப்பெண். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று வரிசை மாறாமல் எழுதினால் பாதி வந்துவிடும். நான் எப்போதும் பத்துக்குப் பத்து. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. எழுதியிருக்க வேண்டிய ஒரே ஒரு கடிதத்தை நான் எழுதவில்லை, அதனால் சொல்கிறேன்.

போன வருஷக் கடைசியில் அவளுக்கு மார்பில் கட்டி. புற்று என்றார்கள். எடுத்தார்கள். ஆறு வாரம் லீவு முடிந்து வந்தபோது மேலாளர் வாசல்வரை வந்து, "ஒரு வழியா எல்லாம் முடிஞ்சுதே, சந்தோஷம்மா" என்றார். முடியவில்லை. மூன்று வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, எங்களுக்கு விடுமுறை நாளில், மருந்து ஏற்ற வேண்டும். ஆறு தடவை. அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர்; மாதத்தில் இருபது நாள் வழியில் இருப்பார். மாமியாருக்கு முழங்கால் வலி. அதனால் கூடப் போனவள் நான்.

கூடப் போவது என்றால் சும்மா உட்கார்ந்து வருவதல்ல. மாத்திரை அட்டவணை போட்டு அவள் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினேன். காய்ச்சல் எத்தனை மணிக்கு, எவ்வளவு, வாந்தி எத்தனை தடவை, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினேன். டாக்டர் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு என்னைத்தான் நோயாளியின் அக்கா என்று நினைத்துக்கொண்டார்.

"என் வாந்திக்கெல்லாம் வரிசை எண் போட்டவ உலகத்துலயே நீ ஒருத்திதான்டி," என்றாள் அவள்.

"போடலைன்னா நாலாவது எது, அஞ்சாவது எதுன்னு டாக்டர்கிட்ட எப்படிச் சொல்றது?"

"ரெண்டும் ஒரே ஜாடைன்னு சொல்லு."

மருந்து ஏற்றும் அறையில் ஏழு சாய்வு நாற்காலிகள், நீல ரெக்சின் போட்டவை. அவளுக்கு எப்போதும் மூன்றாவது. கையில் ஊசி, மேலே பை, சொட்டுச் சொட்டாக நாலு மணி நேரம். பக்கத்து நாற்காலிகளில் இருந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள். இவள் மட்டும் அடுப்படியில் யார் யாரோடு சண்டை, புது மேஸ்திரி ஏன் எப்போதும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார் என்று பேசிக்கொண்டிருப்பாள். பேச்சு நின்றால் பயம் வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். நான் பேச்சை நிற்க விடமாட்டேன்.

முடி இரண்டாவது தடவைக்கு முன்பே போய்விட்டது. அது பெரிய விஷயமாக இல்லை. தொழிற்சாலைக்குள் எல்லாரும் காதுவரை தொப்பி போட்டவர்கள்தானே. "என் வேலைக்குன்னே தச்ச வியாதி" என்று சிரித்தாள். அவள் சிரிக்காமல் போனது இரண்டாவது தடவைக்குப் பிறகு வந்த திங்கட்கிழமை.

முதல் தட்டைக் கடித்தாள். மென்றாள். நான் பேனாவைத் தயாராக வைத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. இரண்டாவது பிஸ்கட்டைக் கடித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெறுமையை நான் ஆபரேஷன் அன்றுகூடப் பார்த்ததில்லை.

"சாவிக்கொத்தை வாயில போட்ட மாதிரி இருக்குடி. வேற ஒண்ணும் தெரியலை."

"ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் பாரு."

"தண்ணியும் சாவிக்கொத்துதான்."

அன்று மத்தியானம் சாப்பாட்டு அறையின் கடைசி மேசையில் உட்கார்ந்து சொன்னாள், "ஒரு லெட்டர் எழுதிக் குடு. மருந்து ஏத்துறேன், நாக்கு வேலை செய்யலை, முடியிறவரைக்கும் வேற எங்கேயாவது போடுங்கன்னு. நீ எழுதுனாத்தான் மரியாதையா இருக்கும்."

இங்கே ஒரு விதியைச் சொல்ல வேண்டும். ருசி பார்க்கிறவர் தினமும் காலையில் உடல் நிலையைச் சொல்ல வேண்டும். ஜலதோஷம் என்றால்கூட அன்று நாற்காலியில் உட்காரக் கூடாது. தொடர்ந்து முப்பது நாள் உட்காராவிட்டால் நாற்காலி காலி. திரும்ப வர வேண்டுமானால் முப்பது குவளைத் தேர்வு எழுத வேண்டும். முப்பதிலும் வெறும் தண்ணீர் போலத்தான் இருக்கும். எதில் துளி உப்பு, எதில் துளி கசப்பு, எதில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல வேண்டும். அதற்குள் வேறொருவர் உட்கார்ந்திருந்தால் தேர்வும் கிடையாது, பாக்கிங்தான்.

நான் சொன்னேன், "லெட்டரெல்லாம் வேண்டாம். நாலு மாசம் பல்லைக் கடிச்சிக்கிட்டா போச்சு. நான் இருக்கேன்ல?"

"நீ இருந்து? என் வாயில பூந்து ருசி பாப்பியா?"

"உன் வாயில எதுக்கு? என் வாயில பாக்குறேன். சொல்றது மட்டும் நீ சொல்லு."

அவள் சாதத்தைக் கரண்டியால் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். "தப்புடி," என்றாள். தப்பு என்றுதான் முதலில் சொன்னாள். அதை இங்கே எழுதிவைக்க வேண்டும். நான்தான் அன்று மாலை, மறுநாள் காலை, பஸ்ஸில், படிக்கட்டில், சொல்லிச் சொல்லி அவளைச் சம்மதிக்க வைத்தேன்.

ஏற்பாடு இதுதான். தட்டில் பிஸ்கட்டை அடுக்குவது எப்போதும் என் வேலை. பக்கத்துச் சின்ன அறையில் அடுக்கும்போதே ஒரு துண்டு நான் தின்று பார்த்துவிடுவேன். பிஸ்கட்டின் ஒரு பக்கத்தில் நிறுவனத்தின் பெயர் பதிந்திருக்கும். மூன்றிலும் எழுத்து மேலே இருந்தால் சரி. முதல் பிஸ்கட் கவிழ்ந்திருந்தால் உப்பு, சர்க்கரையில் குறை. இரண்டாவது கவிழ்ந்திருந்தால் வேக்காடு. மூன்றாவது கவிழ்ந்திருந்தால் எண்ணெய். தரப்பிரிவு அதிகாரி பல நாள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பார். அவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. அவள் கடிப்பாள், மெல்லுவாள், யோசிப்பதுபோல மேலே பார்ப்பாள், துப்புவாள், பிறகு சொல்வாள். "லேசா கருகல். நிறுத்து." நான் எழுதுவேன்.

காலையில் பதிவேட்டின் முதல் கட்டம்: உடல்நிலை. "நலம்" என்று எழுதுவேன். தொண்ணூற்றொரு தடவை எழுதியிருக்கிறேன். பிறகு எண்ணிப் பார்த்தேன்.

மருந்து ஏற்றும் அறை நர்ஸ் ஒருநாள் கேட்டாள், "கூட வந்திருக்கிறது யாரு, சொந்தமா?"

"என் நாக்கு, சிஸ்டர்," என்றாள் இவள். "உள்ள வச்சிருந்தா கெட்டுப்போகுதுன்னு வெளிய வச்சிருக்கேன்."

நர்ஸுக்குப் புரியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஊசி அசையும் அளவுக்குச் சிரித்தோம்.

இதுவரை எழுதியதைப் படிக்கிறவர்கள் என்னை நல்ல சிநேகிதி என்று நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் மூன்றாவது மாதம் வாக்கில் எனக்குள் ஒன்று ஆரம்பித்தது. ஒருநாள் ஒரு பேட்சில் சோடா துளி கூடியிருந்தது. அவ்வளவு நுணுக்கம், அவள் நல்ல நாளிலேயே தவறவிட்டிருக்கலாம். நான் பிடித்தேன். முதல் பிஸ்கட்டைக் கவிழ்த்தேன், விளிம்பில் நகத்தால் ஒரு கீறல் போட்டேன். சோடாவுக்கு அதுதான் குறி. அவள் சொன்னாள். அடுப்பு மேஸ்திரி சோதித்துப் பார்த்துவிட்டு ஓடிவந்து, "நாக்கக்கா, உங்களுக்கு நாக்கா இல்லை தராசான்னு தெரியலை. கையெடுத்துக் கும்பிடணும்" என்றார். அவள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "போங்க மேஸ்திரி" என்றாள். நான் தலை குனிந்து பேட்ச் எண்ணை எழுதினேன். நியாயமாகப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

ஆறாவது தடவை முடிந்து நாலு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் வரும்போதே முகம் வேறு மாதிரி இருந்தது.

"ஏய், இன்னிக்குக் காலைல காப்பி காப்பியா இருந்துச்சுடி. என் மாமியா போட்ட காப்பி! அதுவே இனிச்சுதுன்னா பாத்துக்க."

"நிஜமா?"

"நிஜமா. இன்னிக்குத் தட்டுல ஒண்ணையும் கவுக்காத. எல்லாத்தையும் எழுத்து மேல வை. நானே சொல்றேன்."

ஐந்து தட்டு சரியாகப் போனது. ஐந்தும் நல்ல பேட்ச். ஒவ்வொன்றுக்கும் "தேர்வு" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பாள், நான் தலையை ஆட்டுவேன். அவளுக்கு நிஜமாகவே நாக்கு திரும்பிவிட்டது என்று நானும் நம்பினேன்.

ஆறாவது தட்டை அடுக்கும்போது வழக்கம்போல ஒரு துண்டு வாயில் போட்டேன். முதலில் வெண்ணெய். பிறகு, விழுங்கப் போகும்போது, தொண்டையின் பின்பக்கத்தைப் பிடித்தது. காறல். எண்ணெய் கெட ஆரம்பித்திருக்கிறது. சந்தேகமே இல்லை. மூன்றாவது பிஸ்கட்டைக் கையில் எடுத்தேன். கவிழ்க்க வேண்டும். எழுத்து மேலே இருக்கும்படியே வைத்தேன். அவள் கேட்டதும் அதைத்தானே.

கடித்தாள். மென்றாள். கண்ணை மூடினாள். இந்தத் தடவை மேலே பார்த்து நடிக்கவில்லை.

"வெண்ணெய் அருமையா வந்திருக்குடி," என்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. "நாலு மாசம் கழிச்சு வெண்ணெய். தேர்வு."

என் பேனா நின்றது.

"எழுதுடி. என்ன பாத்துக்கிட்டிருக்க?"

தேர்வு என்று எழுதினேன். என் கையெழுத்து எப்போதும்போல நேராகவே இருக்கிறது. பிறகு எடுத்துப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நான் எதையும் கவிழ்க்கவில்லை; கெட்ட பேட்ச் வேறு வரவுமில்லை. மூன்று வாரத்தில் பாக்கெட்டுகள் திரும்பி வர ஆரம்பித்தன. யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. பிள்ளைகள் துப்பிவிட்டன, பெரியவர்கள் திட்டிக் கடிதம் எழுதினார்கள், கடைக்காரர்கள் அட்டைப்பெட்டியோடு திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பெட்டி ஒன்றிலிருந்து எடுத்த பாக்கெட்தான் புதன்கிழமை மேலாளர் மேசை நடுவில் இருந்தது.

விசாரணை இருபத்தைந்து நிமிஷம் நடந்தது. மேலாளர் ஒரு பிஸ்கட்டைக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "எனக்கே தெரியுதேம்மா. உங்களுக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

"என் நாக்கு சரியில்லை சார். மருந்து ஏத்திக்கிட்டிருந்தேன். அஞ்சு மாசமா."

தரப்பிரிவு அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். "தினமும் நலம் நலம்னு இருக்கே?"

"நான் சொன்னதைத்தான் அவங்க எழுதினாங்க. அவங்க மேல தப்பில்லை."

"நாக்கே இல்லாம மத்த பேட்செல்லாம் எப்படிச் சரியாச் சொன்னீங்க?"

"வரும், போகும் சார். அன்னிக்கு வந்துடுச்சுன்னு நம்பிட்டேன்."

விற்பனைப் பிரிவுக்காரர், "நம்பிக்கையை வச்சு பிஸ்கட் விக்க முடியாதும்மா" என்றார். அது நகைச்சுவை என்று அவர் நினைத்திருக்கலாம். யாரும் சிரிக்கவில்லை. அதையும் எழுதினேன்.

மேலாளர் என் பக்கம் திரும்பினார். "நீங்க பக்கத்துலயே இருக்கீங்களேம்மா. உங்களுக்கு ஒண்ணும் தெரியாதா?"

சிநேகிதி திரும்பிப் பார்க்கவில்லை. அவள் தொப்பியின் பின்பக்கத்தில் ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அந்த நூலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன், "சொல்றதை எழுதுறது மட்டும்தான் சார் என் வேலை."

சொல்லிவிட்டு, அந்த வாக்கியத்தையும் என் பெயருக்கு நேராக நானே எழுதினேன். அப்போதுதான் அவள் திரும்பிப் பார்த்தாள்.

முடிவு: மறுநாளிலிருந்து அவள் பாக்கிங் பிரிவு. ருசி அறைக்குள் இனி வரக் கூடாது. உடம்பு சரியில்லாதவள் என்பதால் வேலையை விட்டு எடுக்கவில்லை என்று மேலாளர் இரண்டு தடவை சொன்னார். இரண்டையும் எழுதினேன்.

வியாழக்கிழமை முப்பது குவளைத் தேர்வு. அலுவலகத்திலிருந்து நாலு பேர் எழுதினோம். மற்ற மூன்று பேரும் பதினைந்தைத் தாண்டவில்லை. எனக்கு முப்பதுக்கு முப்பது. பதினோரு வருஷத்துக்கு முன் அவள் சேர்ந்தபோது வாங்கியது இருபத்தெட்டு. அந்தத் தாளைக் கோப்பில் வைத்தவள் நான் என்பதால் தெரியும். மேலாளர் சிரித்தார், "பக்கத்துல உக்காந்தே கத்துக்கிட்டீங்க போலிருக்கே! திங்கக்கிழமைக்குள்ள சம்மதம்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. உங்களுக்கா சொல்லணும்?"

வெளியே வரும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மாடிப்படி இறங்கி முடிக்கும்வரை சந்தோஷமாகவே இருந்தது.

சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். மாமியார் கதவைத் திறந்தார். காலை நீட்டிப் போட்டு உட்கார்ந்து எதையோ தைத்துக்கொண்டிருந்தவர் போல, விரலிடுக்கில் ஊசி.

"வாம்மா. உள்ளதான் இருக்கா. ரெண்டு நாளா என் காப்பியைக் கூடத் திட்டலை. எனக்குப் பயமா இருக்கு."

அவள் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தலையில் ஒன்றுமில்லை. பூனைமுடி மாதிரி லேசாக முளைத்திருந்தது. நான் முக்காலியை இழுத்துப் போட்டேன்.

"முப்பதுக்கு முப்பதாமே," என்றாள். "பாக்கிங்ல சொன்னாங்க."

"நான் ஒத்துக்கலை இன்னும்."

"ஒண்ணு கேக்குறேன். பதில் மட்டும் சொல்லு, விளக்கம் வேண்டாம். அன்னிக்கு ஆறாவது தட்டு. அடுக்கும்போது நீ ருசி பாத்தியா?"

"பாத்தேன்."

"என்ன இருந்துச்சு?"

"காறல்."

அவள் தலையை மெதுவாக ஆட்டினாள். மாமியார் பக்கத்து அறையில் இருமினார்.

"நான் அழுதேன்ல," என்றாள். "வெண்ணெய்னு சொல்லி. நீ அதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்த."

"உன் முகத்தைப் பாத்துட்டு எனக்குச் சொல்ல வரலைடி. அவ்வளவு சந்தோஷமா இருந்த."

"அதுக்கு? இல்லைடி, காறுதுன்னு சொல்லியிருக்கலாம்ல? நாக்கு இன்னும் வரலைன்னு தெரிஞ்சிருக்கும். இன்னும் கொஞ்ச நேரம் அழுதிருப்பேன். மறுநாள் வந்து கவுந்த பிஸ்கட்டைப் பாத்துச் சொல்லியிருப்பேன். மாரையே அறுத்துக் குடுத்துட்டு வந்தவகிட்ட ஒரு பிஸ்கட் கெட்டுப்போச்சுன்னு சொல்ல உனக்குத் தைரியமில்லை."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"பாவம் பாத்து எழுதுனியா, இல்லை விழுந்தா விழட்டும்னு எழுதுனியா?"

எவ்வளவோ பதில்கள் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். பஸ்ஸில் ஒரு தாளின் பின்பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதிக்கூட வைத்திருந்தேன். இந்தக் கேள்விக்கு அதில் பதில் இல்லை.

"தெரியலை," என்றேன்.

"இந்த அஞ்சு மாசத்துல நீ சொன்ன முதல் உண்மை இதுதான்." சிரிப்பதுபோல உதடு போனது, சிரிக்கவில்லை. "அன்னிக்கு நான் லெட்டர் எழுதிக் குடுன்னு கேட்டேன். நீ குடுக்கலை. குடுத்திருந்தா என்ன, நாற்காலி போயிருக்கும். மரியாதையோட போயிருக்கும். இப்ப என்னைப் பாக்கிங்ல பொண்ணுங்க எப்படிப் பாக்குதுங்க தெரியுமா? பொய் சொன்ன நாக்கக்கான்னு."

"நான் இப்ப எழுதுறேன். மேலாளருக்கு எல்லாத்தையும் எழுதிடுறேன்."

"எதுக்கு எழுதப்போற? என் பேருக்கா, உன் மனசு ஆறுறதுக்கா? அதை முதல்ல முடிவு பண்ணிட்டு எழுது. ரெண்டையும் ஒரே கவருக்குள்ள போடாத." திரும்பவும் சுவரைப் பார்த்துக்கொண்டாள். "அடுத்த செவ்வாய்க்கிழமை ஸ்கேன். நீ வரவேண்டாம். அவரு அன்னிக்கு லோடு எடுக்கலை, வீட்டுல இருப்பாரு."

எழுந்தேன். ஃபிரிட்ஜில் நான் ஒட்டிய மாத்திரை அட்டவணை இன்னும் இருந்தது. ஆறு பத்தி, கட்டம் கட்டமாக, எல்லாக் கட்டத்திலும் டிக். மாமியார் வாசலில், "அந்த நோட்டைக் குடுத்துட்டுப் போம்மா. டாக்டர் கேப்பாரு, எங்களுக்கு எழுத வராது" என்றார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். அனுப்புநர் எழுதினேன். பெறுநர் எழுதினேன். பொருள் என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

முதல் தாளில் "பொருள்: ருசி பார்ப்பவர் பணியை ஏற்க இயலாமை" என்று எழுதினேன். ஒன்றரைப் பக்கம் போனது. படித்துப் பார்த்தேன். சிநேகிதிக்காகப் பதவியைத் துறக்கிற ஒரு நல்லவள் அதில் இருந்தாள். கிழித்தேன்.

இரண்டாவது தாளில் "பொருள்: நடந்தவை குறித்த விளக்கம்". இதில் சூழ்நிலை, மனநிலை, நட்பு என்ற மூன்று சொற்களும் முதல் பத்தியிலேயே வந்துவிட்டன. விளக்கம் வேண்டாம் என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. அதையும் கிழித்தேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "உனக்கே லெட்டர் எழுத வரலையா? யாரையாவது எழுதித் தரச் சொல்லவா?" என்றார். நான் அடுத்த தாளை எடுத்தேன். அவர் போய்விட்டார்.

மூன்றாவது தாளில் "பொருள்: ஆறாவது தட்டு, என் தவறு" என்று எழுதினேன். அதற்குப் பிறகு நிற்கவில்லை.

"ஐயா, கடந்த ஐந்து மாதங்களில் ருசி அறையில் சொல்லப்பட்ட முடிவுகளில் பெரும்பாலானவை என்னுடையவை. பிஸ்கட்டைக் கவிழ்த்துவைத்து நான் தெரிவித்ததை ருசி பார்ப்பவர் சொன்னார். மருந்து ஏற்றுவதைத் தெரிவித்து உங்களுக்குக் கடிதம் எழுதித் தரும்படி இரண்டாவது தடவைக்குப் பிறகே அவர் என்னைக் கேட்டார். நான் எழுதித் தரவில்லை, எழுத வேண்டாம் என்று வற்புறுத்தினேன். உடல்நிலைக் கட்டத்தில் தொண்ணூற்றொரு நாள் நலம் என்று எழுதியவள் நான். திரும்பி வந்த பேட்சில் காறல் இருந்தது எனக்கு அன்றே தெரியும். தெரிந்தே தேர்வு என்று எழுதினேன். விசாரணையில் எழுதுவது மட்டுமே என் வேலை என்று நான் சொன்னது பொய். அவருக்கு நாக்கு தேறிய பின் முப்பது குவளைத் தேர்வு எழுத இடம் தரக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு நாற்காலி வேண்டாம். இப்படிக்கு."

கையெழுத்துப் போட்டேன். கீழே, "நகல்: பாக்கிங் பிரிவின் தகவல் பலகைக்கு" என்று சேர்த்தேன். அவளுக்கு நகல் போடவில்லை. அதை அவளிடம் காட்டினால் நான் மனசு ஆறுவதற்குப் போனதாகிவிடும். தகவல் பலகையில் ஒட்டினால் பொய் சொன்ன நாக்கக்கா என்று சொன்னவர்கள் படிப்பார்கள். ஒட்டுவார்களா என்று தெரியாது.

நேரில் கொடுக்கலாம். மேலாளர் அறை என் மேசையிலிருந்து இருபது அடி. ஆனால் நேரில் கொடுத்த கடிதம் இழுப்பறைக்குள் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். அப்படிப் போன பல கடிதங்களை நானே இழுப்பறையில் போட்டிருக்கிறேன். பதிவுத் தபால் என்றால் வந்த தேதி, எண் எல்லாம் வரவுப் புத்தகத்தில் ஏறும். அதை ஏற்றுகிறவளும் நான்தான்.

திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகும் வழியில் தபால் நிலையத்தில் இறங்கினேன். கோந்துப் பாட்டில் காய்ந்து கிடந்தது. உறையின் மடிப்பை நாக்கால் நனைத்தேன். முதலில் லேசான இனிப்பு, பிறகு மாவு, கடைசியில் நாக்கின் அடியில் கசப்பு. பழக்கம், என்னை அறியாமல் பக்கத்தில் யாரோ எழுதக் காத்திருப்பதுபோல நிமிர்ந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர், "எடை போடணும், குடுங்க" என்றார். மடிப்பைக் கட்டை விரலால் ஓரத்திலிருந்து ஓரம்வரை அழுத்தினேன். பாக்கிங் பிரிவுக்கான நகல் இருந்த இரண்டாவது உறையையும் அப்படியே ஒட்டினேன். இரண்டையும் வாங்கி, முத்திரை குத்தி, பின்னாலிருந்த சாக்குப்பைக்குள் போட்டார். ரசீதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.